டீசல் விலை ஏறினால் பழி மட்டும் வணிகருக்கா?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொன்னது மளிகைக் கடைக்காரருக்காகவே சொன்னது போலிருக்கிறது. டீசல் விலை உயர்ந்தால் முதலில் லாரி வாடகை உயர்கிறது, அடுத்து சரக்கின் விலை உயர்கிறது. ஆனால் வாடிக்கையாளர் லாரிக்காரரிடமும் கேட்பதில்லை, எண்ணெய்க் கம்பெனியிடமும் கேட்பதில்லை. "போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா?" என்று கல்லாவில் இருக்கும் நம்மிடம்தான் கேட்கிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

செய்யூர் வட்டாரத்து வணிகருக்கு இது இரட்டை அடி. நம் ஊருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வந்தாலும் மதுராந்தகத்திலிருந்து வந்தாலும் ஒவ்வொரு மூட்டையும் சாலை வழியேதான் வர வேண்டும். நம்மிடம் வாங்குவோரோ விவசாயிகள், கடலோரக் குப்பங்களின் மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள். டிராக்டருக்கும் படகுக்கும் டீசல் செலவு கூடினால் அவர்கள் கையில் மிஞ்சுவது குறைகிறது, நம் கடன் நோட்டில் பக்கம் கூடுகிறது. கொள்முதலிலும் அடி, வசூலிலும் அடி.

விலை ஏறக் காரணம் என்ன? உலகச் சந்தை என்கிறது அரசாங்கம். அதில் உண்மை உண்டு. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்திற்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 1990இல் குவைத் மீது ஈராக் படையெடுத்தபோதும், 2022இல் உக்ரைன் போர் மூண்டபோதும் கச்சா எண்ணெய் விலை தாவியதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அது பாதிக் கதைதான். மீதிக் கதை 2020இல் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. மே மாதம் மத்திய அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 ரூபாயும், டீசல் மீதான வரியை 13 ரூபாயும் உயர்த்தியது. அதே மாதம் தமிழக அரசும் தன் வரியைக் கூட்டியது. கொரோனா காலத்தில் மற்ற வருவாய் வற்றிப் போனதால் அரசுகளுக்கும் நெருக்கடி இருந்தது, ஒப்புக்கொள்வோம். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய வரி குறைக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் உலகச் சந்தை ஏறும்போது விலை ஏறுவதும், இறங்கும்போது வரி ஏறுவதும் என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலும் அவற்றை உள்ளே கொண்டுவர இது நேரமல்ல என்றே முடிவு செய்தது. சரக்குக்குக் கட்டிய வரியைப் பதிவு பெற்ற வணிகர் கழித்துக்கொள்ளலாம். லாரிக்காரர் டீசலுக்குக் கட்டிய வரியையோ எவரும் கழித்துக்கொள்ள முடியாது. அது அப்படியே வாடகையில் ஏறி, கடைசியில் அரிசி பருப்பின் விலையில் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, அரசு மனம் மாறும் வரை நாம் கைகட்டி இருப்பதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைக்குப் போக வர 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 டன் ஏற்றும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 50 லிட்டர் டீசல் வேண்டும். டீசல் 10 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 500 ரூபாய், கிலோவுக்கு 5 பைசா. அதே தூரத்தை முக்கால் டன் ஏற்றும் 'குட்டி யானை' லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று ஓடினால் கிலோவுக்கு 18 பைசாவுக்குப் பக்கத்தில் வரும். ஆளுக்கொரு வண்டி பிடிப்பதை விட நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லோடாக இறக்குவதே லாபம்.

வாடகை எடைக்குத்தான், விலைக்கு அல்ல. ஒரு கிலோ உப்புக்கும் ஒரு கிலோ ஏலக்காய்க்கும் வண்டியில் சுமை ஒன்றே. உப்பில்தான் அது உறைக்கும், ஏலக்காயில் தெரியவே தெரியாது. அரவை மில், பேக்கிங் என்று மற்ற இடங்களிலும் செலவு ஏறி வருவது உண்மைதான். அது கொள்முதல் பில்லிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் "டீசல் ஏறிவிட்டது" என்று சொல்லி எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி ரூபாய்க் கணக்கில் ஏற்றுவது வியாபார தர்மம் ஆகாது. வாடகை குறைந்தால் விலையையும் குறைத்துக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யும் கடைக்காரர் விலை ஏறும்போது சொல்லும் காரணத்தை மக்கள் நம்புவார்கள்.

நம் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் அரசிடமும் உரத்த குரலில் கேட்க முடியும். சரக்குப் போக்குவரத்துக்கான டீசலையாவது ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்து, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கிளைச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். மே 5 வணிகர் தின மேடைகளிலும் இந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும்!