பிறந்த நாடு பிள்ளையின் குற்றமா?

போர் என்று எழுதினால் இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்துக்குள் எத்தனை கோடிக் கண்ணீர்! வரலாற்றுப் பாடத்தில் நாம் இரண்டாம் உலகப்போரைப் படிக்கிறோம். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. 1945ஆம் ஆண்டு மே மாதம் சரணடைந்தது என்று ஆண்டுகளை நெட்டுருப் போடுகிறோம். தேர்வில் விடை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் போர் முடிந்த மறுநாள் காலையிலும் குழந்தைகள் கண் விழித்தார்கள் அன்றோ? உலகமே வெறுத்த ஒரு நாட்டின் பிள்ளைகளாகப் பிறந்து, அயல்நாட்டுத் தெருக்களில் வளர்ந்தவர்களின் கதி என்ன ஆயிற்று? அவர்களைப் பற்றி நம் பாடநூல் பேசுவதில்லை. ஆகவே நாமாவது சிறிது சிந்திப்போம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். ஹிட்லரின் ஆட்சி செய்த கொடுமையைக் குறைத்துக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஏறக்குறைய 15 லட்சம் பேர் குழந்தைகள். நாட்குறிப்பு எழுதிய ஆன் பிராங்க்கை நம்மில் அறியாதார் யார்? 1929ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பிறந்து, ஹாலந்துக்குத் தப்பியோடி வளர்ந்த அச்சிறுமியும் அயல்நாட்டில் வளர்ந்த ஜெர்மன் பிள்ளைதான். யூதப் பெண் என்பதற்காக அவளுடைய தாய்நாடே அவளை வேட்டையாடியது. 1945ஆம் ஆண்டு பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்தபோது அவளுக்கு வயது 15. எங்கள் வயதுதான்.

இவ்வளவு பெரிய பாவத்தைக் கண்டபின், அந்தப் பாவம் செய்த நாட்டின் பிள்ளைகளுக்காக யார் இரங்குவார்? நியாயமான கேள்வி. ஆயினும் இரங்கியவர் இருந்தனர். அயர்லாந்து அப்போரில் சேராத சிறிய நாடு. செல்வம் மிகுந்த நாடுமன்று. போர் முடிந்த அடுத்த ஆண்டே, 1946இல், குண்டுவீச்சில் இடிந்துபோன ஜெர்மன் நகரங்களிலிருந்து பசியால் மெலிந்த குழந்தைகளை அயர்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் அழைத்து வந்தது. 'ஷாம்ராக் திட்டம்' என்பது அம்முயற்சியின் பெயர். 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் வந்தார்கள். விக்ளோ மலைப்பகுதியிலுள்ள கிளென்கிரீ என்னுமிடத்தில் அருட்சகோதரிகள் அவர்களை வரவேற்றுப் பராமரித்தார்கள். பின்னர் அயர்லாந்துக் குடும்பங்கள் அவர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டன. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலோர் நாடு திரும்பினர். சிலர் அங்கேயே தங்கி அந்நாட்டின் மக்களாகிவிட்டனர். சிறு வயதில் சென்றவர்களுள் சிலர் தாய்மொழியை மறந்தே போனார்கள். பெற்ற தாயைக் கண்டும் அவளோடு பேச மொழியில்லாமல் நின்ற பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்! இந்த அன்புக்கு நன்றியாக ஜெர்மனி 1956ஆம் ஆண்டு டப்ளின் நகரப் பூங்கா ஒன்றில் நீரூற்றுச் சிலை அமைத்துக் கொடுத்தது. அது இன்றும் அங்கே நிற்கிறது.

ஆனால் அதே அயர்லாந்தில் இன்னொரு கதையும் நடந்தது. ஹியூகோ ஹாமில்டன் என்னும் எழுத்தாளர் 1953ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை அயர்லாந்துக்காரர்; தாய் போருக்குப்பின் அங்கு வந்த ஜெர்மானியப் பெண்மணி. தம் இளமைக்காலத்தை அவர் 2003ஆம் ஆண்டு நூலாக எழுதினார். தெருப் பிள்ளைகள் அவரையும் அவருடைய சகோதரனையும் ஹிட்லர் என்றும் ஐக்மன் என்றும் கூப்பிட்டுத் துரத்தினார்கள். யூதர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய அதிகாரியே ஐக்மன். 1961ஆம் ஆண்டு எருசலேமில் அவனை விசாரித்ததை உலகமே கவனித்தது. அதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் இச்சிறுவனையும் பிடித்து நிறுத்தி விசாரணை நடத்தினார்கள்! இதிலுள்ள வேதனை என்னவென்றால், அவருடைய தாயை வளர்த்த உறவினர், நாஜிக் கட்சியில் சேர மறுத்ததால் நகரத் தலைவர் பதவியை இழந்தவர். தீமைக்குத் தலைவணங்காத குடும்பத்துப் பிள்ளைக்கே தீயவன் என்ற பட்டம். தெருவில் கல்லெடுப்பவர்கள் குடும்ப வரலாறு கேட்டுவிட்டா எறிகிறார்கள்?

நார்வே நாட்டில் நடந்தது இதனினும் கொடியது. 1940 முதல் 1945 வரை ஜெர்மன் படைகள் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தன. அக்காலத்தில் ஜெர்மன் போர்வீரருக்கும் நார்வே நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் 10,000 முதல் 12,000 வரை இருக்கலாம் என்பர். விடுதலை வந்ததும் அத்தாய்மாரின் தலைமயிரை வெட்டி அவமானப்படுத்தினார்கள், பலரைச் சிறைப்படுத்தினார்கள். ஜெர்மானியரை மணந்தவர்கள் குடியுரிமை இழந்து நாட்டைவிட்டே அனுப்பப்பட்டனர். குழந்தைகளோ 'ஜெர்மன்காரன் பிள்ளை' என்ற பெயரோடு பள்ளிக்குப் போனார்கள். சொந்தத் தாயின் ஊரில், சொந்தத் தாயின் மொழியைப் பேசிக்கொண்டே அவர்கள் அந்நியராக வளர்ந்தார்கள். 2018ஆம் ஆண்டுதான் நார்வே பிரதமர் எர்னா சோல்பர்க் அப்பெண்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அத்தாய்மாருள் எத்தனை பேர் கல்லறைக்குப் போயிருப்பார்கள்!

அக்குழந்தைகளுள் ஒருவரை உலகம் முழுவதும் அறியும். 1945ஆம் ஆண்டு நவம்பரில் நார்வேயில் பிறந்த அன்னி-பிரிட் லிங்ஸ்டாட் என்ற அப்பெண்ணைப் பாட்டி சுவீடனுக்குத் தூக்கிச் சென்று வளர்த்தார். தாய் இளம் வயதிலேயே இறந்துபோனார். தந்தை கடலில் மூழ்கி இறந்தார் என்றே அக்குடும்பம் நம்பியிருந்தது. 'அப்பா' என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் பாடகியாக வளர்ந்த பிறகு, 1977ஆம் ஆண்டுதான் அவர் தம் தந்தையை முதன்முதலாகக் கண்டார். குழுவின் பெயர் அதன் உறுப்பினர் நால்வரின் முதலெழுத்துகளால் ஆனது. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகளாகிய நம் காதுக்கு அப்பெயர் வேறொன்றையும் சொல்கிறதன்றோ?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நம் முன்னோர் வாக்கு. குணத்துக்கு அது பொருந்தலாம். குற்றத்துக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும்போது குருவானவர் நம் பாவத்தைத்தான் கேட்கிறார். உன் தந்தை என்ன செய்தார், உன் நாடு என்ன செய்தது என்று கேட்பதில்லை. தந்தையின் பாவத்தை மகன் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் அன்றே அறிவித்தார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று வினவியபோது, இரண்டும் இல்லை என்று நம் இயேசு மறுத்ததை அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடர் கேட்ட அதே கேள்வியைத்தான் டப்ளின் தெருவிலும் நார்வேப் பள்ளியிலும் மனிதர்கள் மறுபடியும் கேட்டார்கள்.

அப்படியானால் ஜெர்மன் பிள்ளைகளுக்கும் அந்தக் கொடுமைக்கும் தொடர்பே இல்லையா? எதிர்க்கட்சியினர் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். முகாமில் தாயை இழந்தவரிடம் போய், 'நான் அப்போது பிறக்கவே இல்லை' என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்றே நாங்களும் சொல்கிறோம். தந்தை கடன் வாங்கிவிட்டு இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனைக் கடன்காரன் என்று திட்டுவது தகாது. அவன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தந்தை விட்டுச் சென்ற வீட்டில் குடியிருந்துகொண்டு, 'கடனைப் பற்றி எனக்கென்ன?' என்று அவன் கேட்பானாயின் அதுவும் தகாது. மேற்கு ஜெர்மனி 1952ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்து இஸ்ரேல் நாட்டுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு தர இசைந்தது. போன உயிருக்கு விலையில்லை. எனினும் அத்தொகையைக் கட்டிய வரிப்பணத்தில், போருக்குப் பின்னர் வேலைக்குச் சென்ற இளைஞரின் வியர்வையும் கலந்திருந்தது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவனோடு போகும்; பொறுப்போ வழிவழி வரும்.

பொறுப்பேற்க வேண்டுமானால் உண்மை தெரிய வேண்டுமே! அங்கேதான் பல ஜெர்மானியப் பெற்றோர் தவறினார்கள். உர்சுலா ஹெகி என்ற எழுத்தாளர் 1946ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்து, 18 வயதில் அமெரிக்கா சென்று குடியேறியவர். தம்மைப் போல ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்வோரைப் பேட்டி கண்டு 1997ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். மௌனத்தைக் கிழிப்பது என்ற பொருளில் அந்நூலுக்குப் பெயரிட்டார். ஏனெனில் அத்தலைமுறையின் வீடுகளில் மௌனமே ஆட்சி செய்தது. போரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் அயல்நாட்டுப் பள்ளியிலும் திரைப்படத்திலும் உண்மையை அறிந்து, தாங்கள் பேசும் மொழியைக் குறித்தே கூசினார்கள். பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: கசப்பான உண்மையாயினும் அதைப் பிள்ளைகள் உங்கள் வாயிலிருந்தே கேட்கட்டும். ஊரார் வாயிலிருந்து கேட்கும்போது அது இரண்டு மடங்கு கசக்கும்.

குற்றத்துக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் வைட்செக்கர், போர் முடிந்த 40ஆம் ஆண்டு நினைவு நாளில், 1985 மே 8 அன்று பாராளுமன்றத்தில் உரையாற்றினார். அப்போது குழந்தைகளாக இருந்தவர்களோ, பிறவாதவர்களோ தாம் செய்யாததற்குக் குற்றவாளிகளாக மாட்டார்கள். ஆனால் குற்றவாளியானாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் அந்தக் கடந்தகாலத்தை ஏற்றே ஆகவேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். இதைச் சொன்னவர் யார் தெரியுமா? நியூரம்பர்க் நீதிமன்றத்தில் 1949ஆம் ஆண்டு தண்டனை பெற்ற ஓர் உயர் அதிகாரியின் மகன்! மற்றொருவர் வில்லி பிராண்ட். ஹிட்லரை எதிர்த்து 1933ஆம் ஆண்டே நார்வேக்குத் தப்பிச் சென்றவர் அவர். அவர் கையில் ஒரு துளி இரத்தமும் இல்லை. எனினும் 1970 டிசம்பர் 7 அன்று, மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சராக வார்சா நகருக்குச் சென்றபோது, யூதர் நினைவுச் சின்னத்தின் முன் அவரே முழந்தாளிட்டார். முழந்தாளிட வேண்டியவர்கள் முழந்தாளிடவில்லை, வேண்டாதவர் முழந்தாளிட்டார்.

மறுபுறத்தில் போலந்து ஆயர்களை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 60 லட்சம் குடிமக்களை அப்போரில் பலிகொடுத்த நாடு போலந்து. அவர்களுள் பாதிப்பேர் யூதர். 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்நாட்டு ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு மடல் எழுதி, தாங்கள் மன்னிப்பதாகவும், தங்கள் பக்கத்துப் பிழைகளுக்கு மன்னிப்புக் கோருவதாகவும் தெரிவித்தார்கள். அதில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரே பின்னாளில் திருத்தந்தையான இரண்டாம் அருள் சின்னப்பர். அடிபட்டவர்கள் முதலில் கைநீட்டியது எளிய செயலா? அவர்கள் சொந்த நாட்டிலேயே அதற்காக ஏசப்பட்டார்கள்.

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழியரே. தந்தை சிறையில் இருக்கிறார் என்பதற்காக ஒரு மாணவியின் பக்கத்தில் உட்காராதவர்கள் உண்டு. தாயைப் பற்றி ஊர் ஏதோ பேசுகிறது என்பதற்காக ஒரு சிறுமியை விளையாட்டில் சேர்க்காதவர்கள் உண்டு. 'அந்த வீட்டுப் பிள்ளையோடு சேராதே' என்று அறிவுரை கூறும் பெரியவர்களும் உண்டு. டப்ளின் தெருவுக்கும் நம் வகுப்பறைக்கும் தூரம் அதிகமில்லை. ஒருத்தியை அவள் செய்ததைக் கொண்டு எடைபோடுவோம். அவள் பிறந்த இடத்தைக் கொண்டு அல்ல. நம் குலமோ, மதமோ, நாடோ தவறு செய்திருந்தால், அதை மூடி மறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வோம். இடைவேளையில் தனியே நிற்கும் பிள்ளையிடம் நாமே முதலில் செல்வோம். கிளென்கிரீயில் அருட்சகோதரிகள் கதவைத் திறந்தபோது, வந்த குழந்தைகளின் தந்தையர் போரில் என்ன செய்தார்கள் என்றா கேட்டார்கள்? அவர்கள் கண்ணுக்குப் பசித்த குழந்தைகளே தெரிந்தார்கள்.