தலைகளை எண்ணுவது நலம் விசாரிப்பதாகாது

குஜராத்தில் 2015-இல் 523 சிங்கங்கள், 2020-இல் 674, 2025-இல் 891. ஒவ்வொரு கணக்கெடுப்பும் வெளியானவுடன் வெற்றி முழக்கம் எழுகிறது. இந்த உயர்வை நான் ஐயப்படவில்லை. அதன் பின்னே வனப் பணியாளர்களின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. 'எத்தனை இருக்கின்றன' என்பதற்கான விடையை 'எப்படி இருக்கின்றன' என்பதற்கான விடையாக வாசிக்கும் பழக்கத்தையே மறுக்கிறேன்.

2018 செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் மடிந்தன. பெரும்பாலான இறப்புகளுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம், சிங்கங்களுக்குள் நடந்த சண்டை. ஆய்வகச் சோதனைகளோ நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸையும், உண்ணிகள் பரப்பும் பேபீசியா ஒட்டுண்ணியையும் காட்டின. அதன் பிறகே அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி அவசரமாக வரவழைக்கப்பட்டது. காயம் கண்ணுக்குத் தெரியும், வைரஸ் தெரியாது. கண்ணில் பட்டதையே காரணமென்று எழுதும் பதிவேடு, நோய்க்குக் கால அவகாசம் கொடுக்கிறது.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் 1994-இல் இதே வைரஸ் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. ஆனால் அங்கே பல்லாண்டுகளாகச் சேமித்த இரத்தச் சீரம் இருந்தது. அதை மீண்டும் சோதித்த ஆய்வாளர்கள், அதே வைரஸ் வேறு பல முறை எந்தச் சாவும் இன்றி வந்து போயிருப்பதைக் கண்டனர். பெருஞ்சாவு நேர்ந்த காலத்தில் வறட்சியால் நலிந்த காட்டெருமைகளில் உண்ணிகள் பெருகியிருந்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களின் இரத்தத்தில் பேபீசியா மிகுந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே கொன்றன. இந்த அறிவைத் தந்தவை பிணங்கள் மட்டுமல்ல. உயிரோடு நலமாகத் திரிந்த சிங்கங்களின் இரத்தக் குப்பிகளும்தான். நலத்தின் அளவு தெரியாதவருக்கு நோயின் அளவும் தெரியாது.

'காட்டு விலங்கைத் தொடாதீர்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். மயக்க ஊசி ஆபத்தானது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் மீட்புக்கும் சிகிச்சைக்கும் கழுத்துப்பட்டை மாட்டுவதற்கும் சிங்கங்கள் எப்படியும் பிடிக்கப்படுகின்றன. அப்போது ஒரு குப்பி இரத்தம் சேமிப்பது கூடுதல் வன்முறை ஆகாது. எச்சம், உண்ணி, உடல்வாகு காட்டும் ஒளிப்படம், காட்டோர ஊர்களின் நாய்களும் மாடுகளும் ஆகியவற்றை ஆராயச் சிங்கத்தைத் தொடவே வேண்டியதில்லை. மேலும், ஆசியச் சிங்கம் இயல்பாகத் திரியும் நிலப்பரப்பு உலகில் இது ஒன்றே. சிலவற்றைக் குனோவுக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. ஒரே இடத்தில் அடைபட்ட இனத்தை இயற்கையின் பொறுப்பில் விடுவது, இயற்கைக்குச் செய்யும் மரியாதை அல்ல, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

நான் கேட்பவை மூன்று. ஒவ்வோர் இறப்புக்கும் திசு மாதிரி சேமிக்கப்பட வேண்டும். உடற்கூறாய்வின் சுருக்கம், குறித்த காலத்துக்குள் எந்த ஆய்வாளரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். அதில் 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்று எழுத ஒரு கட்டமும், அப்படி எழுதும் மருத்துவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

எண்ணிக்கையை மேற்கோள் காட்டிக் கட்டுரை தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த வரியில் நலப்பதிவு எங்கே என்று கேளுங்கள். நெறியாளர்களே, அந்த வரியை அடித்துவிடாதீர்கள்.