31 சென்டில் திறந்த கணக்கு

1903 நவம்பர் 2. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் அன்றுதான் திறந்த ஒரு வங்கிக்குக் கறுப்பின மக்கள் காசோடு வந்தார்கள். ஒருவர் கணக்குத் திறக்கக் கொண்டுவந்தது வெறும் 31 சென்ட். செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி என்ற பெயரிலேயே சில்லறைக் காசு இருக்கிறது. தொடங்கியவர் மேகி லீனா வாக்கர். அவருடைய தாய் அடிமைத்தளையிலிருந்து மீண்டு, ஊரார் துணி துவைத்துப் பிழைத்தவர். மகளும் சிறுவயதிலேயே துணிமூட்டை சுமந்தார்.

இங்கே ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்க வருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் மிகவும் பிடிக்கும். அவர் உழைத்தார், உயர்ந்தார், நீயும் உழை என்று முடித்துவிடுவார்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடுகிற தாயின் பிள்ளைக்கு உழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்!

வாக்கரின் கதையில் அவர்கள் விட்டுவிடுகிற பகுதிதான் ஊவாவுக்குத் தேவை. அவர் தனி ஆளாக எழவில்லை. நோய்க்கும் சாவுக்கும் ஒருவருக்கொருவர் உதவ, உறுப்பினர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிய செயின்ட் லூக் சங்கத்தின் தலைமையை 1899இல் ஏற்றார். பத்திரிகையும் வங்கியும் அந்தச் சங்கத்திலிருந்தே பிறந்தன. 1920ஆம் ஆண்டுக்குள் 600க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் அந்த வங்கியின் கடனால் வீடு வாங்கியிருந்தன.

வீடு! இங்கேதான் சிக்கல்.

மொனராகலையின் றப்பர் தோட்டமானாலும் பதுளையின் தேயிலைத் தோட்டமானாலும் சீட்டுப் பிடிக்கத் தெரியாத லயம் இல்லை. சேர்ந்து சேமிக்கும் பழக்கத்தை ரிச்மண்டிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சிறுதொழிலுக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி பிணையாகக் காணி உறுதியைக் கேட்கும். தலைமுறை தலைமுறையாக இருந்த லயக் காம்பிராவோ தோட்டத்துக்குச் சொந்தம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, மலை சரியும் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. போக வேறு இடம்தான் இருக்கவில்லை.

எழுந்து நின்றவர்கள் நம்மிடமும் உண்டு. முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டுகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், அவருடைய பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அது எரிந்தது; குடும்பம் மறுபடி எழுப்பியது. 1921இல் அமெரிக்காவின் டல்சா நகரின் கிரீன்வுட்டில் கறுப்பின வணிகர்களின் கடைத்தெருவும் அப்படித்தான் சாம்பலானது. காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்துவிட்டன. அங்கும் திரும்பக் கட்டினார்கள். இந்த மனவலிமையைப் புகழ்கிறவர்கள், ஏன் இரண்டு முறை கட்டவேண்டி வந்தது என்றும் கேட்க வேண்டும்.

ஆகவே தோட்டங்களுக்குச் சொற்பொழிவாளர்கள் சற்றுக் குறைவாக வரட்டும். காணி உறுதிகள் வேகமாக வரட்டும். அதுவரை வங்கிகள் ஒன்று செய்யலாம். சீட்டு நடத்தும் அக்காவின் கொப்பியில் யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார், யார் பிந்தினார் என்பதெல்லாம் இருக்கும். கடன் விண்ணப்பத்தோடு அந்தக் கொப்பியையும் முகாமையாளர்கள் ஒருதரம் புரட்டிப் பார்க்கட்டும்.