எழுதி வைக்காத கணக்கு!



பரங்கிப்பேட்டையில் நமது சமுதாயத்தினர் நடத்தும் கடைகள் எத்தனை? அவற்றில் வட்டிக் கடனில் மூழ்கியவை எத்தனை? வளைகுடாவிலிருந்து திரும்பி வேலையின்றி இருக்கும் இளைஞர்கள் எத்தனை பேர்? உங்களில் யாரால் பதில் சொல்ல முடியும்?

இப்படிப்பட்ட கேள்விகளோடு வேறொரு தமிழக ஊருக்கு வந்தார் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை பார்பரா ஹாரிஸ் ஒயிட். நெல்லுக்கும் பட்டுக்கும் பேர்போன ஆரணியை அவர் 1973 முதல் நாற்பதாண்டு காலம் ஆராய்ந்தார். ஒருமுறை வந்து போனவரல்ல; திரும்பத் திரும்ப வந்து, வியாபாரிகளிடம் நேரில் விசாரித்து எழுதினார்.

அவர் கண்டது என்ன? சந்தை எல்லோருக்கும் பொது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நடப்பு வேறு. நம் நாட்டு வியாபாரத்தின் பெரும்பகுதி அரசின் பதிவேட்டுக்கு வெளியே நடக்கிறது. அங்கே சட்டத்தைவிட சாதியும், மதமும், குடும்பமும், ஆண் பெண் பேதமுமே ஆட்சி செய்கின்றன. 2003ல் வெளிவந்த அவரது நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

வியாபாரிகளே! இதன் பொருளைச் சிந்தியுங்கள். சங்கமாகச் சேர்ந்தவன் பேச்சு அதிகாரியின் காதில் விழுகிறது. தனித்தனியே கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்காகத் திட்டம் தீட்ட யாரும் வரப்போவதில்லை.

போர்ட்டோ நோவோ என்று உலக வணிகர்கள் அறிந்திருந்த துறைமுகம் நம்முடையது. மரைக்காயர்களின் கப்பல்கள் மலாய் நாடுகள் வரை சென்றன. இன்றோ, வெளிநாட்டில் வியர்வை சிந்திய காசு மாடி வீடாகவும் ஆடம்பரத் திருமணமாகவும் கரைகிறது. ஊரில் தொழிலாக மாறுவது சொற்பமே!

மேடையில் எத்தனையோ ஆண்டுகள் முழங்கினோம். ஆனால் 2006ல் நீதிபதி சச்சார் குழு புள்ளிவிவரத்தோடு அறிக்கை வைத்த பிறகே, கல்வியிலும் வேலையிலும் வங்கிக் கடனிலும் நமது பின்னடைவை நாடே பேசியது. 2007ல் தமிழகத்தில் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. கோரிக்கைக்குக் கணக்கு பலம் சேர்க்கிறது.

கணக்கெழுதுவது நமக்குப் புதிதா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்வதைப் பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அதை அழகாக ஓதுகிறோம். கடையில் வாய்க்கணக்கில் காலம் தள்ளுகிறோம்.

இளைஞர்களே! தெருவுக்கு இருவர் புறப்படுங்கள். ஜமாஅத்தின் அனுமதியோடு கடை, முதல், கடன், வேலை ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டிலிருந்தே தையல் தைத்தும் பலகாரம் செய்தும் சம்பாதிக்கும் தாய்மார்களை விட்டுவிடாதீர்கள். யார் வீட்டு விவரமும் வெளியே போகக்கூடாது, அது அமானிதம். மொத்தக் கணக்கை மட்டும் ஊர் முன் வையுங்கள்.

பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் யாருக்கு முதலில் தேவை என்று அந்தக் கணக்கு காட்டும். ஆட்சியாளரிடம் கேட்பதற்கும் நம் கையில் ஆதாரம் இருக்கும்.

ஆரணிக்குக் கடல் கடந்து ஒருவர் வந்தார். நம் ஊரை நாம் எழுதலாமே! அல்லாஹ் துணை நிற்பானாக!