வேகமான வில்தான் நல்ல வில்லா?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை சீசன். அதற்குள் புதிய காம்பவுண்ட் வில்கள் கடைக்கு வந்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம்தான். விநாடிக்கு 340 அடி!

அந்த எண் எப்படி வருகிறது? 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம் அம்பு. ஆனால், வேட்டைக்காரர்கள் பலர் எய்வது இதைவிடக் கனமான அம்பு. எல்லோருக்கும் கை அவ்வளவு நீளமும் இல்லை. கைக்கு வந்ததும் வேகம் குறைந்துவிடும்.

அதனால், ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் எல்லா வில்லையும் ஒரே அளவுக்குச் சரிசெய்து, ஒரே அம்பை எய்கிறார்கள். வேகத்தை குரோனோகிராஃப் கருவி சொல்லும். அடுத்து அதிர்வு, சத்தம்.

சத்தம் ஏன் முக்கியம்? மான் 90 அடி தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு 300 அடி வேகத்தில் போகும் அம்புக்கு 0.3 விநாடி ஆகும். நாண் சத்தமோ 0.08 விநாடியில் போய்விடும். மிரண்ட மான் துள்ளி ஓட உடலைத் தாழ்த்தும். அம்பு சில அங்குலம் தவறினாலும் மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, வலியில் துடிக்கும்.

பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்துப் பணம் கட்டுவதைவிட, கடையிலேயே தன் அம்பை வைத்து நாலு முறை எய்து பார்ப்பது நல்லது. காது சொல்வதையும் கேட்க வேண்டும்.