மூன்றாவது ‘டும்’

இந்த வாரம் எங்கள் வீட்டு டிவி ஊமையாகிவிட்டது. படம் வருகிறது, வசனம் இல்லை. (சீரியல்களுக்கு இது முன்னேற்றம்தான் என்றேன், வீட்டில் எடுபடவில்லை.) வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. “போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்” என்றார். டிவி விலையில் பாதி கேட்டார்.

என் ரிப்பேர் புராணம் தெரிந்த வாசகர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள். எனக்கு நியூஜெர்சியில் மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ கேம் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

ஆள் உயரம். காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவது. ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய விளையாட்டு. 55 வேற்றுக்கிரகவாசிகள் அணிவகுத்து இறங்குவார்கள். கூடவே ‘டும், டும், டும், டும்’ என்று நான்கு கனத்த ஒலிகள். சுடச்சுட ஆள் குறையும், நடை வேகமெடுக்கும். அது திட்டமிட்டதல்ல. உள்ளே இருக்கும் 8080 பிராசசருக்கு வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் வந்த வேகம். நன்றாயிருக்கிறதே என்று நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். ‘டும்’மும் கூடவே துரிதமாகும். நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

மாப்பிள்ளையின் பெட்டியில் மூன்றாவது ‘டும்’ விழவில்லை. படை நொண்டிக்கொண்டே வந்தது. நொண்டுகிற எதிரியிடம் யாருக்குப் பயம் வரும்?

“ஸ்பீக்கரை மாத்திடவா மாமா?”

“ஸ்பீக்கர் போனா எல்லாச் சத்தமும்ல போகும், மாப்பிள்ளை?”

அந்தப் பெட்டியின் அழகே இதுதான். பறக்கும் தட்டின் ஊளைக்கு ஒரு ஒலிச் சில்லு உண்டு. குண்டுச் சத்தம், எதிரி சாகும் சத்தம் எல்லாம் ரெசிஸ்டர், கண்டென்சர்களால் கட்டிய தனித்தனிக் குடித்தனங்கள். நான்கு ‘டும்’முக்கும் கட்டளை வரும் தடமே நான்கு. எது ஊமையோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால்தான் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றி டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டால் ‘டக்’ என்னும். அப்படியென்றால் ஸ்பீக்கர் பிழைத்தது. ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று முனகினால் பவர் சப்ளையின் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் உள்ளே அழுக்கு.

பிளக்கைப் பிடுங்கினோம். (பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் பக்கம் கை போகக் கூடாது, மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும்.) போர்டைக் கழற்றி, மூன்றாவது தடத்தைப் பூதக்கண்ணாடியால் தொடர்ந்தோம். ஒரு பாகத்தின் காலைச் சுற்றி மயிரிழை போல வளையம். டிரை சால்டர், அதாவது பிடி விட்டுப்போன ஈயம். பழைய ஈயத்தை உறிஞ்சி, புதிதாக ஒரு பொட்டு. அவ்வளவுதான் செலவு.

அன்றிரவு மாப்பிள்ளை மூன்று ஆட்டம் தோற்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் டிவி இன்னும் பேசவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்க்கிற மெக்கானிக் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் எழுதுங்கள். பஸ் செலவு என்னுடையது.