ரத்தம் வருகிறதே என்று பிரஷைத் தூக்கிப் போடலாமா?

"பல் விளக்கினா ரத்தம் வருதுங்க. அதான் ஒரு வாரமா வெறும் வாயைக் கொப்பளிச்சிட்டு வேலைக்குப் போயிடறேன்."

செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தம்பி அண்மையில் நம்மிடம் இப்படிச் சொன்னார். தோட்டத்து மக்களோடு பழகியவர்களுக்கு இது புதிய பேச்சல்ல. கையில் காயம் பட்டால் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறோம் அல்லவா? ஈறும் அப்படித்தான் என்பது நம்மவர்களின் எண்ணம். ஆனால் உண்மை நேர் எதிரானது. ரத்தம் வருகிறது என்றால் அந்த இடம் சரியாகத் துலக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்!

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வழவழவென்று ஒரு படிவு சேர்கிறது. நாம் ஊத்தை என்கிறோமே, அதுதான். அது முழுக்கக் கிருமிகளின் குடியிருப்பு. அன்றன்று எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள உப்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். பிறகு பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஈறு வீங்கும், சிவக்கும், தொட்டால் ரத்தம் கசியும். அப்போதும் கவனிக்காவிட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும். இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். அதுதான் இதில் உள்ள கொடுமை. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் நமக்குச் செய்தி வருகிறது. சொத்தை ஒன்றுமில்லாத நல்ல பல், வேரோடு கையில் வந்துவிடுகிறது!

"வயசானா பல்லு விழத்தானே செய்யும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. வயது பல்லைப் பிடுங்குவதில்லை. ஊத்தைதான் பிடுங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாக்கின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் நம் பினாங்கு. அதே பினாங்கில்தான், ஜார்ஜ் டவுனில், 1949-ல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியருக்கு நம் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நியூசிலாந்து 1921-லேயே தொடங்கி நடத்திக் காட்டிய முறை அது. மெக்கலிஸ்டர் ரோட்டில் படித்துவிட்டு வெளியேறிய பெண்கள் நாடெங்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். 1972-ல் குழாய்த் தண்ணீரில் புளோரைடு சேர்ப்பதையும் நாடு தழுவிய திட்டமாக அரசு ஏற்றது.

ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது? ஆற்று நீரையும் கிணற்று நீரையும் குடித்தவர்களுக்கு அந்தப் புளோரைடு எப்படிக் கிடைத்திருக்கும்? பிள்ளையின் பல்லைப் பள்ளியில் பார்த்தார்கள், சரி. அப்பன், ஆத்தாள் பல்லை யார் பார்த்தார்கள்? வலி வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் ஓடுவதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். அந்தப் பழக்கம் இன்றும் நம்மை விட்டபாடில்லை. தோட்டத்தை விட்டு அடுக்கு வீட்டுக்குக் குடிபோனவர்களும், வலி வந்தால் ஒழிய கிளினிக் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, எப்படித் துலக்குவது? விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அடுப்புக் கரியையோ செங்கல் தூளையோ விரலால் தொட்டு நாலு இழுப்பு இழுத்த தலைமுறை நம்முடையது. பல் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தக் கொரகொரப்பு பல்லின் மேற்பூச்சையே தேய்த்துவிடும். விரலோ ஈறு ஓரத்து இடுக்குக்குள் போகாது. வேப்பங்குச்சியை நாம் குறை சொல்லமாட்டோம். நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கித் துலக்கினால் ஊத்தை போகும். ஆனால் அதில் புளோரைடு கிடையாது.

மென்மையான பிரஷ் ஒன்று, புளோரைடு கலந்த பற்பசை ஒரு பட்டாணி அளவு. இது போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை, அது பசை விற்பவனுக்குத்தான் லாபம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு. பிரஷைச் சாய்த்து, அதன் முடி பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்க வேண்டும். பல்லின் உட்புறத்தை மறக்கக்கூடாது. கீழ்ப்பல்லின் உட்புறத்தில்தான் கல் அதிகம் கட்டும். மொத்தம் இரண்டு நிமிடம். அழுத்தித் தேய்க்காதீர்கள். பால் மரம் வெட்டியவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கத்தி ஆழமாகப் போனால் பட்டை காயப்படும், அப்புறம் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். ஈறும் அப்படித்தான், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் இறங்கிப்போகும். துலக்கியபின் துப்புங்கள், உடனே தண்ணீர் ஊற்றி அலசாதீர்கள். பசை கொஞ்ச நேரம் பல்லில் இருந்தால்தான் வேலை செய்யும்.

காலையில் மட்டும் துலக்கினால் போதாது. இரவு படுக்குமுன் துலக்குவதே முக்கியம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். சீனியும் பாலும் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே படுத்தால் என்ன ஆகும்?

இனிப்பு நீர் உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். இனிப்பு நீர் ஈற்று நோயை வளர்க்கும்; ஈற்று நோய் சீனி அளவைக் கட்டுப்படுத்தவிடாது. நம் இனத்தில் இனிப்பு நீர் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு தெரியும்.

வெற்றிலையையும் சொல்லாமல் விட முடியாது. வெற்றிலை போட்டால் பல் கெட்டிப்படும் என்பார்கள். கெட்டிப்படுவது பல் அல்ல, கன்னம்! பாக்கு கன்னத்தின் உட்சதையை இறுக்கி, வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிடும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் தீர்மானமாகக் கூறியது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் நம் இந்தியர்களிடம் மக்கள் தொகைக்குப் பொருந்தாத அளவில் அதிகம். அதனால்தான் சுகாதார அமைச்சு 1997-ல் தொடங்கிய வாய்ப் பரிசோதனைத் திட்டம் தோட்டங்களைத் தேடி வந்தது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அல்லது இரண்டு வாரமாகியும் ஆறாத ஒரு புண் இருந்தால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். தனியார் கிளினிக்கைப் போல் அங்கே பெரிய செலவு இல்லை.

அந்தத் தம்பியிடம் விடாமல் துலக்கச் சொன்னோம். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் கல் எடுக்கப் போக வேண்டும் என்றும் சொல்லிவைத்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, "இப்ப வர்றதில்லீங்க" என்றார். அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் அன்றைக்குத் திரும்பிவிட்டோம். வரும் ஞாயிறு மறுபடியும் போக வேண்டும்.